நீலப்புள்ளிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி, கிழக்கே பிரியும் ஊர்ச்சாலைகளில் நுழைந்து சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் செல்போன் மேப்பை நம்பித்தான் போகிறார்கள். வழியில் எங்காவது டவர் கிடைக்காமல் இணையம் நின்றுவிட்டால் திரையில் ஒரு விசித்திரம் நடக்கும். வரைபடத்தின் அடுத்த பகுதி இறங்காமல் திரை வெறும் சாம்பல் நிறக் கட்டமாக நின்றுவிடும். வண்டியைக் குறிக்கும் நீலப்புள்ளி மட்டும் நிற்காது. சாலையே இல்லாத அந்த வெற்றுத் திரையின் மேல், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தானும் திரும்பி நகர்ந்துகொண்டே இருக்கும்.

டவர் இல்லாமல் புள்ளிக்கு இடம் எப்படித் தெரிகிறது? இவ்வளவு துல்லியமாக இடம் தெரிந்த கருவி, சில நேரம் வண்டியைக் கொண்டுபோய் வயல் வரப்பிலும் படிக்கட்டிலும் ஏன் நிறுத்துகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஜி.பி.எஸ் என்று பேச்சில் ஒரே பெயரால் குறிக்கப்படுவது மூன்று தனித்தனி வேலைகளின் தொகுப்பு. வண்டி பூமியின் மேல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. இதை இடங்காணல் எனலாம். அந்த இடத்தைச் சுற்றி என்னென்ன சாலைகள், ஊர்கள், பாலங்கள் உள்ளன என்று சொல்வது இரண்டாவது, அது வரைபடம். அங்கிருந்து போக வேண்டிய ஊருக்கு எந்த வழி நல்லது என்று கணக்கிடுவது மூன்றாவது, அது வழித்தேர்வு. செயற்கைக்கோள் செய்வது முதல் வேலையை மட்டும். அது அநேகமாகத் தவறுவதில்லை. அதனால் சம்பாதித்த நற்பெயரில்தான் மற்ற இரண்டும் காலம் தள்ளுகின்றன.

முதல் வேலை எப்படி நடக்கிறது என்பதை அரியலூர்க்காரர்களுக்குச் சுரங்க வெடியை வைத்து விளக்கிவிடலாம். ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சரியாகப் பகல் 1 மணிக்கு வெடி வைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்கிறார். 1 மணி ஆகி 6 விநாடி கழித்து அவருக்குச் சத்தம் கேட்கிறது. ஒலி காற்றில் 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் போகும். ஆகவே அவர் சுரங்கத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். எந்தப் பக்கம் என்று தெரியாது. சுரங்கத்தை நடுவாக வைத்து 2 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அந்த வட்டத்தின் மேல் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு சுரங்கத்திலும் குறித்த நேரத்தில் வெடித்தால் இன்னொரு வட்டம் கிடைக்கும். இரண்டு வட்டங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது சுரங்கத்தின் வட்டம் அந்த இரண்டில் எது என்று தீர்த்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கங்களின் கடிகாரங்கள் சரியாக ஓடுகின்றன. நிற்பவரின் கைக்கடிகாரம் 2 விநாடி பிந்தி ஓடுகிறது என்றால்? அவர் போடும் மூன்று வட்டங்களும் ஒரே அளவு பிசகி, ஒரு புள்ளியில் சேராமல் நிற்கும். ஆனால் அந்தப் பிசகே அவருக்கு ஒரு துப்பு. மூன்று வட்டங்களும் ஒரு புள்ளியில் வந்து சேரும் வரை கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால் இடமும் தெரிந்துவிடும், சரியான நேரமும் தெரிந்துவிடும். தரையில் இதற்கு மூன்று சுரங்கங்கள் போதும். வானத்தைப் பார்த்து இடம் காணும்போது உயரமும் தெரியாத கணக்கு என்பதால் நான்கு வேண்டும். செல்போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைத் தேடுவது இதனால்தான்.

அமெரிக்கா நடத்தும் ஜி.பி.எஸ் அமைப்பில் 30-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் தரைக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995-ல். ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. செல்போனுக்குள் உள்ள ஏற்பி, அதாவது அலையைப் பெறும் சில்லு, அதைக் கேட்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. செயற்கைக்கோளுக்குப் பெரம்பலூரில் யார் எந்தச் சாலையில் போகிறார் என்பது தெரியவே தெரியாது. வண்டியின் இடம் வெளியே போவது இணையத்தின் வழியாகத்தான், அதுவும் போனில் உள்ள செயலி அனுப்பினால்தான். திரையில் வரைபடம் இறங்காதபோதும் புள்ளி நகர்வதன் ரகசியம் இதுவே: கேட்பதற்கு டவர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும்.

வெடிச் சத்தத்துக்குப் பதில் இங்கே வருவது வானொலி அலை. அது ஒளியின் வேகத்தில் வரும். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். கடிகாரம் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். ஆகவே செயற்கைக்கோள்களில் சீசியம், ரூபிடியம் அணுக்களின் அதிர்வை வைத்து ஓடும் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. அந்தக் கடிகாரங்களுக்கும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் விரைந்து ஓடும். வேகமாகச் செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் செயற்கைக்கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் தவறிவிடும். சார்பியல் கொள்கை சரியா என்று கேட்பவருக்கு, சரியான தெருவில் நிற்கும் நீலப்புள்ளியைக் காட்டினால் போதும்.

பிழைகள் இல்லாமல் இல்லை. தரைக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனிமண்டலம் அலையைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால், தமிழ்நாட்டுக்கு மேலே இந்த மண்டலம் மற்ற பல இடங்களைவிடக் கொந்தளிப்பானது. சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் அலை நடுங்குவதும் உண்டு. உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலை இன்னொரு தொல்லை. இருந்தாலும் திறந்த வானத்தின் கீழே ஒரு சாதாரணப் போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். பெரம்பலூர், அரியலூரின் பருத்திக் காடுகளும் மக்காச்சோளக் காடுகளும் திறந்த வெளிகள். இடங்காணலுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைப்பது கடினம். இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் 2013 முதல் ஏவப்பட்டு வருகின்றன. புதிய போன்கள் பல அவற்றின் ஒலிபரப்பையும் சேர்த்துக் கேட்கின்றன.

5 மீட்டர் பிழை திரையில் தெரியாமல் போவதற்குக் காரணம் வேறு. பெரம்பலூர் புறவழியில் நான்குவழிச் சாலையும் அதன் ஓரமாகவே சர்வீஸ் ரோடும் ஓடுகின்றன. ஏற்பி சொல்லும் இடம் சில சமயம் இரண்டுக்கும் நடுவே விழும், சில சமயம் சாலையை விட்டே வெளியே விழும். மென்பொருள் அதை அப்படியே காட்டுவதில்லை. வண்டி சாலையில்தான் போகும் என்ற ஊகத்தில் புள்ளியை இழுத்துப் பக்கத்துச் சாலையின் மேல் ஒட்டிவிடுகிறது. எந்தச் சாலை என்பதை வேகத்தையும் முன்பு வந்த வழியையும் பார்த்து ஊகிக்கிறது. மேம்பாலத்தின் மேலா கீழா என்பதில் இன்னும் தடுமாற்றம், ஏனென்றால் உயரத்தைக் கணிப்பதில் ஜி.பி.எஸ் எப்போதுமே ஒரு படி குறைவுதான். சர்வீஸ் ரோட்டில் போகும் வண்டிக்கு நெடுஞ்சாலையில் போவதாக நினைத்து வழி சொல்வது இப்படி நேர்கிறது. கணிப்பின் ஐயம் திரையில் ஒரு வெளிர்நீல வட்டமாகத் தெரிய வேண்டியது. ஓட்டும்போது காட்டப்படும் கூர்மையான அம்புக்குறியில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. கருவி தனக்குத் தெரிந்ததைவிட அதிக உறுதியோடு பேசும் முதல் இடம் இது.

இரண்டாவது வேலையான வரைபடத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இங்கே இயற்பியல் இல்லை. மனிதர்கள் எழுதிவைத்த தகவல்தான் இருக்கிறது. முதல் இடறல் ஊர்ப்பெயர். கல்மரம் உள்ள சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில். அணை உள்ள சாத்தனூர் திருவண்ணாமலை மாவட்டத்தில். இரண்டுமே சுற்றுலா இடங்கள். வேப்பூர் இன்னும் மோசம்: கடலூர் மாவட்டத்து வேப்பூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பூர் அதே நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே வந்து உள்ளே போக வேண்டிய ஊர். கல்யாணத்துக்கு வருகிறவர் பெயரை மட்டும் தட்டிவிட்டுப் புறப்பட்டால், ஜி.பி.எஸ் அவரைத் துல்லியமாக, 5 மீட்டர் பிசகாமல், தவறான ஊரில் கொண்டுபோய் இறக்கும். பத்திரிகையில் வட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடும் பழைய வழக்கம் இதற்காகவே ஏற்பட்டதுபோல் இருக்கிறது.

ஊர் சரியாக இருந்தாலும் ஊரைப் பற்றிய செய்தி வரைபடத்தில் இல்லாமல் போகலாம். பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாகத் திறக்கும். இது சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். வரைபடத்துக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். கோயில் பூட்டியிருந்தால் ஒரு பயணம் வீண், அவ்வளவே. பாலமும் தண்ணீரும் அப்படியல்ல. அரியலூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் எல்லையில், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள பழைய பாலம் வலுக்குறைந்ததால் அதில் கனரக வாகனங்களுக்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. காரில் போகிறவருக்கு அது பாலம். சிமெண்ட் லாரிக்கு அது முட்டுச்சந்து. பொதுவான செயலிகள் லாரியையும் கார் என்றே எண்ணி வழி சொல்கின்றன. லாரியின் எடை, உயரம், திரும்பத் தேவையான அகலம் எதுவும் அவற்றின் கணக்கில் வருவதில்லை.

மழைநீர் தேங்கும் ரயில்வே சுரங்கப்பாதைகள் இன்னொரு குருட்டு இடம். ஆளில்லா ரயில்வே கேட்டுகளுக்குப் பதிலாக மாநிலம் முழுவதும் இவை கட்டப்பட்டன. கோடையில் நல்ல வழி. ஐப்பசி மழையில் கிணறு. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் இப்படித் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். அந்த விபத்துக்கும் மேப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் வரைபடத்தில் கோடாக இருக்கும் ஒன்று ஒரே இரவில் சாலையாக இல்லாமல் போகும் என்பதற்கு அது சாட்சி.

மேப் நேரடியாகக் குற்றக்கூண்டில் ஏறிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்களின் கார், மேப் காட்டிய குறுக்குவழியில் போய்க் கூடலூரில் படிக்கட்டில் சிக்கிக்கொண்டது. அங்கிருந்தவர்களும் போலீஸாரும் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் படிக்கட்டுப் பாதையும் தெருவும் ஒரே மாதிரிக் கோடுகள்தான். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராமகங்கை ஆற்றின் மேல் பாதி அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போனது வரைபடத்தில் ஏறவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். பாலத்தின் வாயிலில் தடுப்பு இல்லை என்ற புகாரும் எழுந்தது. இரண்டாவது புகார் முதலாவதைவிடக் கனமானது. மேப்பைப் பார்க்காமல் அந்தப் பக்கம் வந்தவரும் அதே ஆற்றில்தான் விழுந்திருப்பார்.

2023 அக்டோபர் 1 அன்று, நள்ளிரவு கழிந்த கனமழையில் கொச்சி அருகே கோத்துருத்தில் கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். மேப்தான் ஆற்றுக்குள் வழிகாட்டியது என்று முதலில் செய்தி பரவியது. மேப் இடப்பக்கம் திரும்பச் சொன்னதாகவும், அதைத் தவறவிட்டு நேராகப் போனதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. அப்படியானால் இங்கே பிழை வரைபடத்தில் இல்லை. இருட்டிலும் மழையிலும் எங்கே போகிறோம் என்ற உணர்வு முழுவதையும் ஒரு குரலிடம் கொடுத்துவிட்டபோது, அந்தக் குரலின் ஒரு சொல் தவறினால் கையில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

மூன்றாவது வேலையான வழித்தேர்வு தூய கணக்கு. அதன் அடிப்படையை 1956-ல் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேனா பேப்பர் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்து முடித்ததாகப் பின்னாளில் சொன்னார், 1959-ல் வெளியிட்டார். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு உண்டு. புறப்படும் புள்ளியிலிருந்து தொடங்கி, குறைந்த செலவில் எட்டக்கூடிய புள்ளியை முதலில் எட்டி, அங்கிருந்து அடுத்ததை எட்டி, விரித்துக்கொண்டே போனால், ஊர் வந்து சேரும்போது கையில் இருப்பது ஆகக் குறைந்த செலவுள்ள வழி. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இந்தக் கணக்கின் போக்கை நன்றாகப் பார்க்கலாம். கொள்ளிடத்துக்கு இக்கரையில் நிற்பவருக்கு அக்கரைத் தோப்பு கண்ணெதிரே தெரியும். ஆனால் திருமானூர், மதனத்தூர், அணைக்கரை என்று பாலம் உள்ள சில இடங்களில் மட்டுமே ஆற்றைக் கடக்கும் கோடுகள் உள்ளன. கண்ணுக்கு எதிரே உள்ள ஊருக்கு 20, 30 கிலோமீட்டர் சுற்றச் சொல்லும் செயலி அங்கே சரியாகவே சொல்கிறது.

கேள்வி, செலவு என்று எதை வைப்பது என்பதில்தான். பெரும்பாலும் அது நேரம். நேரத்தை எடுப்பது அதே சாலையில் போகும் பிற போன்கள் அனுப்பும் வேகத்திலிருந்து. நெடுஞ்சாலையில் எந்நேரமும் ஆயிரக்கணக்கான போன்கள் ஓடுகின்றன. அங்கே கணக்கு அபாரம். திருமாந்துறை டோல்கேட்டில் வண்டிகள் தேங்கினால் சில நிமிடங்களில் திரை சிவக்கும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு டிராக்டரும் போகும் கிராமச்சாலையில் அந்தத் தரவு மெலிந்துவிடுகிறது. சாலையின் வகையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மோட்டார் சைக்கிள் சுலபமாகப் போன சந்தில் கார் நுழையாது என்பதும் அந்த ஊகத்தில் தப்பிப்போகலாம். இரண்டு நிமிடம் மிச்சம் என்றால் கணக்கு இரண்டு நிமிடத்தைத்தான் பார்க்கும். அந்த வழி ஒற்றைத் தார்ச்சாலை, இருபுறமும் கருவேலமுள், எதிரே கரும்பு லாரி வந்தால் பின்னாலேயே போக வேண்டும் என்பதெல்லாம் செலவில் சேரவில்லை. இந்தக் குறை நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல: குறுகிய சாலைகளை அடையாளம் கண்டு தவிர்க்கும் வசதியை 2024-ல் கூகுள் இந்தியாவின் சில நகரங்களில் தொடங்கியது, சென்னையும் கோவையும் அதில் இருந்தன. கிராமங்கள் வரிசையில் பின்னால் நிற்கின்றன.

ஆக மூன்று வேலைகளுக்கும் நம்பகம் வேறுவேறு. ஓட்டுநருக்கு மூன்றும் ஒரே திரையில், ஒரே குரலில், ஒரே தொனியில் வருகின்றன. "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்ற வாக்கியத்தில் 200 மீட்டர் என்பது அணுக்கடிகாரம் சொன்னது. வலப்பக்கம் சாலை உண்டு என்பது யாரோ, எப்போதோ எழுதிவைத்தது. திரும்புவது நல்லது என்பது ஊகம். டீக்கடையில் வழி கேட்டால் இந்த வேறுபாடு குரலிலேயே தெரிந்துவிடும். "அங்க ஒரு பாலம் வேல நடந்துச்சு, முடிஞ்சிருச்சான்னு தெரியல, எதுக்கும் முன்னால கேட்டுக்கங்க" என்று சொல்கிற ஆள் தன் அறிவின் எல்லையையும் சேர்த்தே சொல்கிறார். (அவர் சொல்லும் வழியும் தப்பாகலாம், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கை காட்டுகிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு.) எப்போதாவது மட்டும் தவறும் கருவியைக் கண்காணிக்க மனிதன் தவறுகிறான் என்பதை விமானிகளிடம் ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி தவறும் கருவியின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருப்பதன் மேல் இருக்காது.

இந்தப் பழக்கம் ஓட்டுநரின் மூளைக்குள் என்ன செய்கிறது என்பது தனி ஆராய்ச்சி. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன், எலிகள் வழியைத் திருப்பங்களின் வரிசையாக மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தின் அமைப்பையே மனத்தில் வரைந்துகொள்கின்றன என்று வாதிட்டார். அதை மனவரைபடம் என்றார். 1971-ல் ஜான் ஓ'கீஃப் ஓர் எலியின் மூளையில் நுண்ணிய மின்கம்பிகளைச் செருகி, அதைத் திரியவிட்டுப் பார்த்தார். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில செல்கள் எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் துடித்தன. வேறு செல்கள் வேறு இடத்தில் துடித்தன. இவை இடச்செல்கள். 2005-ல் நார்வேயின் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், பக்கத்துப் பகுதியில் தரையை அறுகோண ஒழுங்கில் அளப்பதுபோல் துடிக்கும் கட்டச்செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரில் இதற்குப் பேர்போன சான்று லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள். உரிமம் பெற அவர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். 2000-ல் எலினார் மக்வயர் குழு அவர்கள் மூளையைப் படமெடுத்து, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் இந்த வேலைக்கு வந்தார்களோ என்ற நியாயமான கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண, பயிற்சியில் சேர்ந்த 79 பேரை ஆரம்பத்திலேயே படமெடுத்து, சில ஆண்டு கழித்து மீண்டும் எடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரி. தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. இன்னொரு ஒப்பீடு அரியலூருக்கு நெருக்கமானது: அதே லண்டனில், அதே அளவு அனுபவமுள்ள பேருந்து ஓட்டுநர்களிடம் இந்த வளர்ச்சி இல்லை. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே ஒரே தடத்தில் நாள் முழுதும் போய்வரும் டிப்பர் லாரி ஓட்டுநரின் வேலையும் அதுபோன்றதே. திறமை குறைவு என்று இதற்குப் பொருளில்லை. ஒரே வழியைத் திரும்பத் திரும்பப் போகும்போது வேலையை மூளையின் வேறொரு பகுதி, பழக்கங்களைச் சேமிக்கும் பகுதி, எடுத்துக்கொள்கிறது.

குரல் சொல்லச் சொல்லத் திரும்புவதும் இந்த இரண்டாவது வகையில்தான் சேர்கிறது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களில் 24 பேரைத் திரைப்படக் காட்சியின் வழியாக 'நடக்க' வைத்து மூளையைக் கவனித்தார்கள். தாங்களே வழி தேடியபோது, கிளைகள் பல பிரியும் தெருவுக்குள் நுழைந்ததும் ஹிப்போகாம்பஸின் இயக்கம் எகிறியது. திசையைக் கருவி சொன்னபோது அதே தெருவில் அது அசையவே இல்லை. ஜப்பானில் 2008-ல் வெளியான ஆய்வு எளிமையானது: சிலருக்கு ஜி.பி.எஸ் கருவி, சிலருக்குத் தாள் வரைபடம், சிலரை முதலில் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டி விட்டுவிடுவது. கருவி வைத்திருந்தவர்கள் மற்ற இரு குழுக்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அதிக முறை நின்றார்கள். பிறகு வழியை வரையச் சொன்னபோது, அழைத்துப்போய்க் காட்டப்பட்டவர்களைவிட மோசமாக வரைந்தார்கள்.

நீண்ட காலத்தில் திறமை தேய்கிறதா என்பதற்குச் சான்று மெலிது. 2020-ல் மான்ட்ரியலில் 50 ஓட்டுநர்களிடம் நடந்த ஆய்வில் ஜி.பி.எஸ்ஸை அதிகம் சார்ந்தவர்களுக்கு இட நினைவு குறைவாக இருந்தது. மூன்றாண்டு கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிடம் சரிவும் தெரிந்தது. ஆனால் அப்படித் திரும்ப வந்தவர்கள் 13 பேரே. 2024-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று லட்சக்கணக்கான இறப்புப் பதிவுகளை அலசி, டாக்ஸி ஓட்டுநர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் அல்ஸைமர் நோயால் இறக்கும் விகிதம் பிற தொழிலாளர்களைவிடக் குறைவு என்றது. பேருந்து ஓட்டுநர்களிடம் அந்தக் குறைவு இல்லை. சுவையான செய்தி. காரணம் அதுதான் என்று இறப்புப் பதிவுகள் மட்டும் நிரூபித்துவிடாது. மேப் பார்த்தால் மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அறிவியல் ஆதாரம் இவ்வளவுதான்.

இந்த ஆய்வுகளில் கிராமத்து ஆட்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் விளையாடிய ஒரு செல்போன் விளையாட்டின் தரவை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக வழி காண்பதில் தேர்ந்தவர்கள் என்றது. சதுரங்கக் கட்டம்போல் நேர்த்தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களிடம் குறை அதிகம். தமிழ்நாட்டைப் பற்றியே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1990-களில் எரிக் பீடர்சன் மதுரைப் பக்கம் செய்தது. நகரத்தார் மேசை மேல் உள்ள பொருளை இடம், வலம் என்று சொன்னார்கள். கிராமத்தார் அதையும் கிழக்கு, மேற்கு என்று சொன்னார்கள். ஆளை வேறு பக்கம் திருப்பி உட்காரவைத்த பிறகும் பொருளைத் திசை மாறாமல் அடுக்கினார்கள். "டம்ளர் கிழக்கால இருக்கு" என்று சொல்கிறவர் எந்நேரமும் தன் திசையை மனத்தில் வைத்திருக்கிறார். மேப்பின் குரல் பேசுவது இட, வல மொழி. அதைப் பின்பற்றத் திசை தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் ஓட்டுநர்கள் ஜி.பி.எஸ்ஸை அளவுக்கு மீறி நம்புகிறார்களா? நெடுஞ்சாலையில் நம்புவது மிகையில்லை. அங்கே மூன்று வேலைகளும் ஒன்றுபோல் நன்றாக நடக்கின்றன. இரவில் தனியாக வண்டி ஓட்டிவரும் பெண் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்க வேண்டிய நிலை இல்லாமல் போனதும், 108 ஆம்புலன்ஸ் புதிய ஊரில் வீட்டைத் தேடி அலையாததும் சின்ன லாபங்கள் அல்ல. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும், மழை தொடங்கியதும், இருட்டியதும், வண்டி காரைவிடப் பெரிதாக இருக்கும்போதும் அதே நம்பிக்கை மிகையாகிறது. நம்பிக்கையின் அளவு சாலைக்குச் சாலை மாற வேண்டும். திரையில் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு, பெரும்பாலும் செயலியின் அமைப்புகளிலேயே. புறப்படுமுன் முழு வழியையும் சுருக்கிப் பார்த்தால், எந்த ஆற்றை எந்தப் பாலத்தில் கடக்கிறோம், எந்த வேப்பூர், எங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிறோம் என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். சேருமிடம் மாவட்டத்தின் பெயரோடு சரியாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சாத்தனூர் போன்ற பக்கங்களுக்குப் போகும்போது அந்தப் பகுதி வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் டவர் போனாலும் சாலைகள் திரையில் இருக்கும். வண்டியோடு சுழலும் வரைபடத்தை மாற்றி, வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைக்கும் வசதியும் பல செயலிகளில் உண்டு. முதல் சில நாட்கள் தலை சுற்றும். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கத் திருப்பம் திரையில் இடப்பக்கம் தெரியும். பழகிய பின் பச்சைமலை எந்தப் பக்கம், கொள்ளிடம் எந்தப் பக்கம் என்பது திரையைப் பார்க்காமலே நினைவில் நிற்கத் தொடங்கும். கிழக்கால மேற்கால என்று வழி சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு இன்னும் சீக்கிரம் படிந்துவிடும்.